திறந்து மூடிய என்ஜின், தீராத கசிவு

வீட்டு வாசலிலேயே ஹெட் கேஸ்கட் மாற்றிய கார் மறுபடியும் ஒழுகினால், குற்றவாளி பெரும்பாலும் புதிய கேஸ்கட் அல்ல. பழைய மாருதிகளைக் கைவிட மனமில்லாத பெங்களூருவாசிகள் பலர் கைச்செலவு செய்து கற்கும் பாடம் இது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பழைய போர்வை ஒன்று விரித்திருக்கிறது. அதன் மேல் ஸ்பானர்கள், சாக்கெட்டுகள், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் துணிகள். இரண்டு வாரத்துக்கு முன் கழற்றிய சிலிண்டர் ஹெட், முந்தின நாள் இரவுதான் திரும்பவும் என்ஜின் மேல் ஏறியிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பவர்கள் வராந்தாவுக்கு வந்து பார்க்கிறார்கள். பத்தே நிமிடம். வெப்பம் காட்டும் முள் மெல்ல ஏறுகிறது. ரேடியேட்டரில் குமிழிகள். சைலன்ஸரில் வெண்புகை. வராந்தாவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விடுகிறார்கள்.

பழைய காரைச் சொந்தக் கையால் பழுதுபார்க்கத் துணிந்தவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பெங்களூருவில் இந்தத் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்., பிறகு வந்த எச்.எம்.டி., மைக்கோ என்று தலைமுறைகளாக ஸ்பானர் பிடித்துப் பழகிய ஊர் இது. ஆலைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வீட்டில் மைக்ரோமீட்டர் கிடைத்தால்கூட ஆச்சரியமில்லை. ஜே.சி. ரோட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் எந்தப் பழைய காருக்கும் உதிரிபாகம் கிடைத்துவிடும். சில நூறு ரூபாய் கேஸ்கட்டுக்காகப் பல ஆயிரம் கூலி கொடுப்பானேன் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் கணக்கு தப்பினால் போவது கூலி மட்டுமல்ல, காரே போய்விடும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதற்கு முன்பே, 2010 ஏப்ரலில், புதிய புகை விதிகள் காரணமாக பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆக, இந்த நகரில் புதிதாக விற்கப்பட்ட கடைசி மாருதி 800-க்கும் 2025-இல் 15 வயது முடிந்துவிட்டது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இந்த நிலையில் என்ஜினையே மாற்றும் அளவுக்குச் செலவு வந்தால், பல வீடுகளில் முடிவு ஒன்றுதான்: காயலான் கடை. முதல் கார், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோன கார், பொங்கலுக்கு சேலத்துக்கும் வேலூருக்கும் போய் வந்த கார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

திறப்பதற்குக் கொடுத்த விலை

ஹெட் கேஸ்கட் என்பது என்ன? என்ஜினின் கீழ்ப்பாதி சிலிண்டர் பிளாக். அதில் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்பாதி சிலிண்டர் ஹெட். அதில் வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட்.

ஆரம்பகால என்ஜின்கள் பலவற்றில் இந்த இணைப்பே கிடையாது. ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. வால்வைச் சுத்தம் செய்வதென்றால் பெரும் பாடு. 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடிந்தது. பட்டறை இல்லாத ஊரில் இருக்கும் விவசாயியும் தன் காரைத் தானே பார்த்துக்கொள்ள அது வழி செய்தது. பிரிட்டனின் பென்ட்லி எதிர்த் திசையில் போனது. 1921-இல் விற்பனைக்கு வந்த அதன் 3 லிட்டர் காரில் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. கேஸ்கட்டே இல்லை, எனவே கேஸ்கட் போகும் பயமும் இல்லை. உலகம் ஃபோர்டின் பக்கம் சாய்ந்தது. என்ஜினைத் திறந்து பார்க்கும் வசதிக்கு நாம் கொடுத்துவரும் விலைதான் ஹெட் கேஸ்கட். அதைத் திறப்பவர் அந்த விலையை முழுதாகச் செலுத்தியாக வேண்டும்.

விலை என்னவென்று பார்த்தால் மலைப்புத் தட்டும். அந்த ஒரு தகடு மூன்று பொருள்களைத் தனித்தனியே பிரித்து வைக்கிறது. முதலாவது, சிலிண்டருக்குள் எரியும் வாயு. முழு வேகத்தில் அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டும். இரண்டாவது, சில கிலோ அழுத்தத்தில் ஓடும் எண்ணெய். மூன்றாவது, சுமார் 1 கிலோ அழுத்தத்தில் சுற்றும் கூலன்ட். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை வெடிப்பு நிகழ்கிறது.

போதாக்குறைக்கு உலோகங்களின் சண்டை. பழைய அம்பாஸடரில் ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு. சூடேறினால் இரண்டும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். பத்மினியிலும் மாருதி 800-இலும் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பைவிட அலுமினியம் இரண்டு மடங்கு விரியும். 30 செ.மீ. நீள ஹெட் 70 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் இந்த இழுபறியைத் தாங்குவது நடுவில் இருக்கும் கேஸ்கட். என்ஜின் ஒரே ஒரு முறை கடுமையாகக் கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடக்கூடும். அம்பாஸடர் காலத்து அனுபவத்தை அப்படியே மாருதிக்குப் பொருத்துபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எல்லாக் குமிழியும் குற்றமல்ல

புதிய கேஸ்கட் போட்டும் கசிகிறது என்றதும் வருகிற முதல் ஆத்திரம், ஹெட்டை மறுபடியும் கழற்றுவது. அனுபவசாலி மெக்கானிக்குகள் இதைத்தான் கடைசியில் செய்வார்கள். ஏனெனில் கேஸ்கட் போனதற்கான அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போலி உண்டு.

ரேடியேட்டரில் குமிழி வருவதை எடுத்துக்கொள்ளலாம். ஹெட்டைக் கழற்றும்போது கூலன்ட் முழுவதும் வடிந்துவிடும். திரும்ப ஊற்றும்போது என்ஜினுக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்று வெளியேறும்வரை குமிழிகள் வரத்தான் செய்யும். அது தங்கிய இடத்தில் கூலன்ட் ஓடாததால் முள்ளும் ஏறும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மெதுவாக ஓடவிட்டு, குறையும் கூலன்ட்டை ஊற்றிக்கொண்டே வந்தால் காற்று போய்விடும். அதன் பிறகும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படலாம்.

வெண்புகையும் அப்படியே. டிசம்பர் மாதத்து பெங்களூருக் காலையில் நல்ல காரின் சைலன்ஸரிலும் ஆவி வரும். அது சில நிமிடத்தில் மறையும். என்ஜின் சூடான பிறகும் மறையாமல், இனிப்பு வாடையோடு அடர்த்தியாக வந்தால்தான் கூலன்ட் உள்ளே எரிகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற கசடு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். தினமும் கடைவீதிவரை மட்டுமே போய் வரும் காரில் ஈரம் உறைந்து அப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கில் வரும் எண்ணெயே பால்காபி நிறமானால் கதை வேறு. அந்த எண்ணெயோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, பேரிங்குகள் போய்விடும்.

வெளிக்கசிவிலும் ஏமாற்று உண்டு. ஹெட்டின் பக்கவாட்டில் எண்ணெய் வழிந்தால், அது மேலே இருக்கும் வால்வு மூடியின் ரப்பர் கேஸ்கட்டிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். கூலன்ட் சொட்டினால், அது தளர்ந்த ஹோஸ் கிளிப்பாகவோ, தெர்மோஸ்டாட் மூடியாகவோ, வாட்டர் பம்ப்பாகவோ இருக்கலாம். என்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகமான இடத்தில் முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பவுடரே காட்டிக்கொடுக்கும்.

சாட்சிகள் சொல்வது

சந்தேகத்தை உறுதிசெய்யச் சோதனைகள் இருக்கின்றன. எளிமையானது, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது. மூன்றில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் நீர் புகுகிறது.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. பிளக் இருந்த துளையில் மானியைப் பொருத்தி என்ஜினைச் சுழற்ற வேண்டும். நல்ல பெட்ரோல் என்ஜினில் பொதுவாக 10 முதல் 14 கிலோவரை காட்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் விட்டிருக்கிறது என்பதற்கு வலுவான சாட்சி. மூன்றிலும் ஒரேபோலக் குறைந்தால் கேஸ்கட்டை விட்டுவிட்டு டைமிங் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஹெட்டை ஏற்றும்போது பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். டேப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலும் வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் குறையும். இரண்டுக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை.

பெங்களூருவுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. எனவே மானியும் அதே அளவு குறைத்தே காட்டும். கையேட்டில் போட்ட எண் வரவில்லையே என்று நல்ல ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்.

மூன்றாவது, காற்றழுத்தச் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஏர் ஃபில்டரில் சீறினால் உள்வால்வு. சைலன்ஸரில் சீறினால் வெளிவால்வு. எண்ணெய் மூடியருகே கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் கேஸ்கட், இல்லாவிட்டால் ஹெட்டில் விரிசல். நான்காவது, ரசாயனச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வரும் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியே செலுத்துவார்கள். எரிந்த வாயுவின் கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். பிறகு வாதத்துக்கு இடமில்லை.

கை செய்த பிழைகள்

கேஸ்கட்தான் என்று தீர்ந்த பின்பும் அது ஏன் விட்டது என்ற கேள்வி இருக்கிறது. கடையில் கொடுத்தது போலி என்று பழிபோடுவது சுலபம். சந்தையில் போலிகள் உண்டுதான். ஆனால் வாசலில் நடந்த வேலையில் காரணங்கள் பெரும்பாலும் வேறு.

முதல் காரணம், மட்டம் பார்க்காதது. சிறிய கார்களின் கையேடுகள் பலவும் ஹெட்டின் முகத்தில் 0.05 மில்லிமீட்டர் வளைவைத்தான் அனுமதிக்கின்றன. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே அழுத்தச் சோதனை செய்துவிடலாம். கொதித்ததால் வளைந்த ஹெட்டின் கீழ் எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் அத்தனையும் ஒழுகும்.

இரண்டாவது, சுத்தம் செய்த விதம். ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்ட ஸ்குரூடிரைவரைப் பயன்படுத்தினால் அலுமினியத்தில் கீறல் விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முகம் பள்ளமாகும், உதிரும் துகள் எண்ணெய் வழிகளில் புகுந்து பேரிங்கை அரிக்கும். பழைய வண்டிகளின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சுரண்டவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுப்பதுதான் வழி.

மூன்றாவது, போல்ட். இதுதான் மிகவும் ஏமாற்றும். டார்க் ரெஞ்ச் காட்டும் முறுக்குவிசையில் 85 முதல் 90 சதவீதம் உராய்வைச் சமாளிப்பதிலேயே செலவாகிறது. ஹெட்டை உண்மையில் அழுத்திப் பிடிப்பது மீதிதான். மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்த மீதியும் கரைந்துவிடும். ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஹெட் தளர்வாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான ஆபத்து, போல்ட் இறங்கும் குழியில் தங்கிவிட்ட எண்ணெயோ தண்ணீரோ. போல்ட்டை முறுக்கினால் அது வெளியேற வழியின்றி பிளாக்கையே பிளந்துவிடும். சில புதிய என்ஜின்களில் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டு நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

முறுக்கும் வரிசையும் முக்கியம். நடுவில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மூன்று கட்டமாக. கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். சாதாரண ஸ்பானரை வைத்துக் கைக்கணக்கில் முறுக்குவது அம்பாஸடர் காலத்து வித்தை. அலுமினிய ஹெட்டிடம் அது எடுபடாது.

மற்றவை சின்னச் சின்னத் தவறுகள்: கேஸ்கட்டின் மேல்பக்கத்தைக் கீழாக வைத்து எண்ணெய்த் துளையை அடைத்துவிடுவது, ஹெட்டை இடத்தில் நிறுத்தும் சிறு முளைகளை மறந்துவிடுவது, உலர்வாகப் போட வேண்டிய கேஸ்கட்டில் ஒரு பாதுகாப்புக்காக என்று பசை தடவுவது.

நோயின் மூலம்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு மாதத்தில் மறுபடி கசிந்தால்? வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை மெக்கானிக்குக்கும் பொருந்தும். நோயைத் தீர்த்தால் போதாது, அது வந்த காரணத்தையும் தேட வேண்டும். கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம். என்ஜின் கொதித்ததால்தான் போகிறது. ஏன் கொதித்தது?

பெங்களூருவில் இதற்கு உள்ளூர்க் காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. உயரம் காரணமாக இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை 115 டிகிரிக்கு மேல் போகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போச்சு. விலை குறைந்த இந்த மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை.

தண்ணீர் அடுத்த காரணம். நகரின் பல பகுதிகள் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அது கடினநீர். வீட்டில் வெந்நீர் கெட்டிலில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். வாலை வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றியதன் பலன் சில வருடம் கழித்துத் தெரியும். நகரப் போக்குவரத்தோ ஊர்ந்து போகிறது. ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது மின்விசிறி மட்டும்தான். அதன் சுவிட்ச் செத்திருந்தால் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மாலை நேரம் போதும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்வரை ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். முழுப் பாரத்தோடு வரும் பழைய கார்களின் குட்டு அங்கே வெளிப்படும்.

நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு பழைய பழக்கம். அது கொதிப்பைத் தடுக்காது. என்ஜின் சரியான வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேயும். ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கப்படும் பொடிகளும் திரவங்களும் கேஸ்கட்டோடு சேர்த்து ரேடியேட்டரையும் அடைத்துவிடக்கூடும். வீடுவரை கொண்டுசேர்க்க அவை உதவலாம், வைத்தியம் ஆகாது.

ஆக, வாசலில் போர்வை விரிப்பது தவறல்ல. மாடல் டி முதல் மாருதி 800 வரை, கழற்றிப் பார்க்க முடிகிற என்ஜின்களைச் செய்தவர்கள் அதற்குத்தான் இடம் வைத்தார்கள். தவறு, கழற்றுவதை மட்டும் வேலை என்று நினைப்பது. கழற்ற ஒரு பகல் போதும். அளக்க, சுத்தம் செய்ய, லேத்துக்குப் போய்வர, வரிசைப்படி முறுக்க இன்னும் சில நாள் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால், அடுத்த ஞாயிறு முள் பாதியில் வந்து நிற்கும். வராந்தாவில் இருப்பவர்களும் உள்ளே போகமாட்டார்கள். சாவியை எடுத்துக்கொண்டு, எங்கே போகலாம் என்று கேட்பார்கள்.

மறுபடி ஹெட்டைத் தொடும் முன்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடித்து வெந்துபோகும்.

இரவு முழுவதும் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்கியிருந்தால், காலையில் நேராக ஸ்டார்ட் செய்வது கனெக்டிங் ராடை வளைத்துவிடும். முதலில் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைச் சுழற்றி, நீரை வெளியேற்ற வேண்டும்.

காற்றை வெளியேற்றியாகிவிட்டதா, ஹோஸ், பம்ப், மூடி, விசிறி சரியா, டைமிங் பெல்ட் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெயில் கூலன்ட் கலந்திருந்தால், பழுது தீர்ந்ததும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சிறிது ஓட்டிய பின் இன்னொரு முறையும் மாற்றுவது நல்லது.

வடித்த கூலன்ட்டைத் தெருவிலோ தட்டிலோ விடக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பான விஷம். தெருநாய்கள் நக்கிச் சாகும், குழந்தைகளுக்கும் ஆபத்து.